'நாய்ஸ்'னு தூக்கிப் போடாதீங்க பாஸ்!

கிராஃப் ஷீட்டில் ஒன்பது புள்ளிகள் சமர்த்தாக நேர்கோட்டில் நிற்கும். பத்தாவது மட்டும் தனியாகத் துள்ளிக்கொண்டு எங்கேயோ நிற்கும். அதுக்கு நம்ம எல்லார் லேபிலும் ஒரே பேர்தான்... 'நாய்ஸ்'! வைவாவில் கேட்டாலும் அதே பதில். சாரும் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுவார். மேட்டர் ஓவர்!

ஆனா, அப்படி எல்லோரும் 'நாய்ஸ்' என்று வடிகட்டிக் கீழே கொட்டிய ஒரு சிக்னலை, ஒரே ஒரு ஆராய்ச்சி மாணவர் விடாமல் நோண்டிப் பார்த்தார். விளைவு? மூளை ஆராய்ச்சியில் ஒரு தனித் துறையே பிறந்தது. அவர் பெயர் பரத் பிஸ்வால். இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவர். இடம்: மில்வாக்கி நகரத்தில் இருக்கும் விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரி. வருஷம்: 1995.

அவருக்கு முன்னாடி அதே காலேஜில் இன்னும் ரெண்டு மாணவர்கள் ஒரு கலக்கு கலக்கியிருந்தார்கள். கதையை அங்கேயிருந்து ஆரம்பிச்சாதான் சுவாரஸ்யம்.

உடம்புக்குள்ளே ஒரு ரேடியோ ஸ்டேஷன்

முதல்ல எம்.ஆர்.ஐ. என்னன்னு ரெண்டே நிமிஷத்துல பார்த்துடலாம். பயப்படாதீங்க, ஈக்வேஷன் எல்லாம் கிடையாது!

நம்ம உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரில் ஹைட்ரஜன். ஒவ்வொரு ஹைட்ரஜன் அணுவின் கருவும் ஒரு குட்டியூண்டு காந்தம். சாதாரணமாக இவை ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு இருக்கும். பெரிய காந்தத்துக்குள் படுக்க வைத்தால், கொஞ்சம் ஒழுங்குக்கு வரும். ஆஸ்பத்திரிகளில் சகஜமாக இருக்கும் 1.5 டெஸ்லா மெஷினின் காந்தப்புலம், பூமியின் காந்தப்புலத்தைப் போல சுமார் 30,000 மடங்கு!

இப்போ சரியான அலைவரிசையில் ஒரு ரேடியோ அலையை அனுப்பினால், அந்தக் குட்டிக் காந்தங்கள் அதை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒரு சிக்னலைத் திருப்பித் தரும். 1.5 டெஸ்லாவில் அந்த அலைவரிசை சுமார் 64 மெகாஹெர்ட்ஸ். நம்ம எஃப்.எம். ரேடியோ 88-ல் ஆரம்பிக்குது இல்லையா, அதுக்குக் கொஞ்சம் கீழே. ஆக, ஸ்கேனுக்குள் படுத்திருக்கும்போது நீங்களே ஒரு ரேடியோ ஸ்டேஷன்!

சிக்னல் வருது, சரி. எந்த இடத்திலிருந்து வருதுன்னு எப்படித் தெரியும்? அதுக்குத்தான் 'கிரேடியன்ட் காயில்'. காந்தப்புலத்தை இடத்துக்கு இடம் லேசாக மாற்றிவிடும். புலம் மாறினால் அலைவரிசை மாறும். அலைவரிசையை வைத்து இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். ஸ்கேன் எடுக்கும்போது 'டக் டக் டர்ர்ர்...' என்று காதைப் பிளக்குதே, அது இந்தக் காயில் அதிர்கிற சத்தம்தான். காந்தப்புலத்துக்குள் கரன்ட் போகிற கம்பி உதறும் என்று ப்ளஸ் டூவில் படிச்சோமே, அதே சமாசாரம். இந்த ஐடியாக்களுக்காக பால் லாட்டர்பர், பீட்டர் மான்ஸ்ஃபீல்ட் இருவருக்கும் 2003-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு இட்லி கேட்டா நாலு இட்லி!

எம்.ஆர்.ஐ. மூளையின் வடிவத்தை அழகாகக் காட்டும். ஆனா, மூளை வேலை செய்வதைக் காட்டுமா? அதுக்கு வழி காட்டியது ரத்தம்.

ஆக்ஸிஜன் ஏற்றிய ஹீமோகுளோபினும் ஆக்ஸிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினும் காந்தத்துக்கு முன்னால் வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும் என்று 1936-லேயே லைனஸ் பாலிங், சார்லஸ் கோரியல் இருவரும் கண்டுபிடித்துவிட்டார்கள். ஐம்பது வருஷத்துக்கு மேல் கழித்து, பெல் லேப்ஸில் இருந்த செய்ஜி ஒகாவா இதை எலியின் மூளையில் எம்.ஆர்.ஐ. வைத்துக் காட்டினார். எலி சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் ரத்தக் குழாய்கள் கறுப்புக் கோடுகளாகத் தெரிந்தன. சுத்தமான ஆக்ஸிஜனைக் கொடுத்தால் கோடுகள் மாயம்! வருஷம் 1990.

இதுக்கும் மூளையின் வேலைக்கும் என்ன சம்பந்தம்? மூளையில் ஒரு பகுதி சுறுசுறுப்பானால், அந்த ஏரியாவுக்கு ரத்தம் கூடுதலாகப் பாயும். அதுவும் எப்படி? ஒரு இட்லி கேட்டால் நாலு இட்லி வைக்கிற அம்மா மாதிரி, தேவைக்கு மேலேயே பாயும். ஆக்ஸிஜன் மிச்சமாகும். ஆக்ஸிஜன் இறங்கின ரத்தத்தின் பங்கு குறையும். எம்.ஆர்.ஐ. சிக்னல் லேசாக ஏறும். அவ்வளவுதான் ரகசியம்! இதுதான் 'ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ.', சுருக்கமாக எஃப்.எம்.ஆர்.ஐ.

எவ்வளவு ஏறும் என்று கேட்டால் சப்பென்று ஆகிவிடும். 1.5 டெஸ்லாவில் சில சதவிகிதம்தான்! அதுவும் உடனே இல்லை, அஞ்சாறு செகண்ட் கழிச்சுத்தான் உச்சத்துக்கு வரும். இவ்வளவு சின்ன மாற்றத்தைப் பிடிக்கணும்னா படத்தை மின்னல் வேகத்தில் திரும்பத் திரும்ப எடுக்கணும். அங்கேதான் நம்ம மில்வாக்கி பசங்க என்ட்ரி கொடுக்கிறார்கள்.

சாக்கடைக் குழாயில் சுற்றிய சரித்திரம்

1991 ஆகஸ்ட். சான் ஃபிரான்சிஸ்கோவில் எம்.ஆர்.ஐ. ஆராய்ச்சியாளர்களின் மாநாடு. அங்கே பாஸ்டனின் மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரிக் குழு, ஊசி மருந்து எதுவும் போடாமலேயே மனித மூளை வேலை செய்வதைப் படம் பிடித்துக் காட்டியது. அந்தச் சோதனையைச் செய்தவர் கென் குவாங்.

விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில் பயோஃபிசிக்ஸ் படித்துக்கொண்டிருந்த பீட்டர் பாண்டெட்டினி, எரிக் வாங் என்ற ரெண்டு ஆராய்ச்சி மாணவர்களுக்கு அதைக் கேட்டதும் கை பரபரத்தது. நாமளும் பண்ணிடணும்!

ஒரே ஒரு சிக்கல். அவர்களிடம் இருந்தது ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு ஸ்கேன் எடுக்கும் சாதாரண 1.5 டெஸ்லா மெஷின். அதன் கிரேடியன்ட் காயில் முழு உடம்புக்குமானது. ரொம்பப் பெரிசு. பெரிய காயில் என்றால் இண்டக்டன்ஸ் அதிகம். இண்டக்டன்ஸ் அதிகம் என்றால் கரன்ட்டை சட்டென்று மாற்ற முடியாது. இது ஃபர்ஸ்ட் இயர் எலக்ட்ரிகல் பேப்பர்லயே வர்ற விஷயம்தான்! மூளையின் ஒரு குறுக்குவெட்டுப் படத்தை ஒரு செகண்டுக்குள் எடுக்கும் 'எக்கோ பிளானர்' முறைக்கு அந்த வேகம் போதவே போதாது.

எரிக் வாங் என்ன செய்தார் தெரியுமா? தலையை மட்டும் சுற்றி உட்காருகிற மாதிரி ஒரு சின்ன காயிலைத் தானே டிசைன் பண்ணினார். காயில் சின்னதானால் இண்டக்டன்ஸ் குறையும், வேகம் கூடும். லாஜிக் சிம்பிள். காசு கொட்டி ஆர்டர் எல்லாம் கொடுக்கவில்லை. கழிவுநீர்க் குழாய், கம்பி, எபாக்ஸி பசை... இவ்வளவுதான் மெட்டீரியல்! நம்ம ஊர் ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற ஐட்டங்கள்.

மாநாடு முடிந்த அடுத்த மாதமே, 1991 செப்டம்பரில், சோதனை. குழாய்க் காயிலுக்குள் தலையை வைத்துப் படுத்தவர் செய்த வேலை, விரல்களைத் தட்டுவது. கொஞ்ச நேரம் தட்டு, கொஞ்ச நேரம் நிறுத்து, திரும்பத் தட்டு. மூளையில் கையை ஆட்டுவிக்கும் பகுதியின் சிக்னலும் அதே தாளத்தில் ஏறி இறங்கியது. கை தட்டுது, மூளை ஆடுது!

பாண்டெட்டினி குழு, கென் குவாங் குழு, ஒகாவா குழு... மூன்று பேரின் கட்டுரைகளும் 1992-ல் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து வெளியாகின. உலகத்தின் முதல் எஃப்.எம்.ஆர்.ஐ. கட்டுரைகளில் ஒன்று, ரெண்டு மாணவர்கள் குழாயில் கம்பி சுற்றியதால் வந்தது.

சும்மா இருந்தா சும்மாவா?

இப்போ நம்ம ஹீரோ பரத் பிஸ்வாலுக்கு வருவோம்.

எஃப்.எம்.ஆர்.ஐ. எடுப்பவர்களுக்கு அப்போ ஒரு பெரிய தலைவலி. ஆளை எந்த வேலையும் செய்ய விடாமல் சும்மா படுக்க வைத்தாலும் சிக்னல் ஆடிக்கொண்டே இருக்கும். இதயம் துடிக்குது, மூச்சு வாங்குது, மெஷின் வேறு தன் பங்குக்கு உதறுது. எல்லாத்தையும் சேர்த்து 'நாய்ஸ்' என்று கட்டம் கட்டி, எப்படி வடிகட்டலாம் என்றுதான் எல்லோரும் யோசித்தார்கள். பிஸ்வாலும் அந்த நாய்ஸ் எங்கிருந்து வருது என்றுதான் முதலில் தேடினார்.

தேடும்போது ஒரு வினோதம் கண்ணில் பட்டது. இடது மூளையில் கையை ஆட்டுவிக்கும் பகுதி ஒன்று, வலது மூளையில் ஒன்று. ரெண்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி. ஆள் கையை அசைக்கவே இல்லை. ஆனாலும், ரெண்டின் 'நாய்ஸ்' அலைகளும் ஒரே மாதிரி ஏறி, ஒரே மாதிரி இறங்கின!

இதை இப்படி யோசிங்க. ஹாஸ்டலில் முதல் மாடியில் ஒரு ரூம், நாலாவது மாடியில் ஒரு ரூம். ராத்திரி பூரா ரெண்டிலும் லைட் ஒரே நேரத்தில் எரியுது, ஒரே நேரத்தில் அணையுது. உங்களுக்கு என்ன தோணும்? ரெண்டு ரூமுக்கும் நடுவில் ஏதோ பேச்சுவார்த்தை ஓடுதுன்னு தானே?

"அதெல்லாம் இல்ல மச்சி, கரன்ட்டு டிம்மாகி டிம்மாகி வருது" என்று ஒருத்தன் சொல்லலாம். நியாயமான சந்தேகம். வோல்டேஜ் ஆடினால் எல்லா ரூம் லைட்டும் சேர்ந்துதான் ஆடும். இதயத் துடிப்பும் மூச்சும் மூளைக்கு அந்த வோல்டேஜ் மாதிரி. பிஸ்வாலின் கண்டுபிடிப்பைக் கேட்டு நிறையப் பேர் எழுப்பிய சந்தேகமும் கிட்டத்தட்ட இதுதான்.

அவர் இதை எப்படிச் சமாளித்தார் என்பதுதான் நம்ம மாதிரி இன்ஜினீயரிங் பசங்களுக்கு செம விருந்து. 250 மில்லி செகண்டுக்கு ஒரு படம் வீதம் 512 படங்கள் எடுத்தார். அதாவது, செகண்டுக்கு நாலு சாம்பிள். இங்கே நம்ம நைக்விஸ்ட் தாத்தாவைக் கூப்பிடுங்க! நாலு ஹெர்ட்ஸில் சாம்பிள் எடுத்தால் ரெண்டு ஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள அலைகளைச் சரியாகப் பிடிக்கலாம். இதயத் துடிப்பு சுமார் ஒரு ஹெர்ட்ஸ். மூச்சு அதைவிடக் குறைவு. ரெண்டுமே அந்த எல்லைக்குள் வந்துவிடுவதால், மாறுவேஷம் போட்டுக்கொண்டு வேறு அலைவரிசையில் வந்து ஏமாற்ற முடியாது. அவற்றை ஒதுக்கிவிட்டு, 0.1 ஹெர்ட்ஸுக்கும் கீழே, பத்து செகண்டுக்கு ஒரு தடவைக்கும் மெதுவாக ஆடுகிற அலைகளை மட்டும் பார்த்தார். ஒற்றுமை அப்போதும் அப்படியே இருந்தது.

இன்னொரு செக்கிங்கும் நடந்தது. அதே ஆளைக் கையை ஆட்டச் சொல்லி, எந்தெந்த இடம் வேலை செய்யுது என்று தனியாக மேப் போட்டார்கள். சும்மா இருக்கும்போது சேர்ந்து ஆடிய இடங்களும் இந்த மேப்பும் பெரும்பாலும் பொருந்தின. ஹாஸ்டல் முழுக்க லைட் ஆடவில்லை, குறிப்பிட்ட ரூம்களில் மட்டும்தான் ஆடியது!

ஆக, 'நாய்ஸ்' என்று ஒதுக்கியதற்குள் மூளையின் பகுதிகள் சும்மா இருக்கும்போதும் ஒன்றோடு ஒன்று தொடர்பில் இருக்கும் சேதி ஒளிந்திருந்தது. 1995-ல் கட்டுரை வந்தது. உடனே உலகம் எழுந்து நின்று கை தட்டியதா என்றால், இல்லை. பல வருஷம் சந்தேகக் கண்தான். 2001-ல் மார்கஸ் ரைக்கிள் குழு, நாம் சும்மா இருக்கும்போது அதிகமாக இயங்கும் 'டிஃபால்ட் மோட்' பகுதிகளைப் பற்றி எழுதியது. 2003-ல் வேறொரு குழு, பிஸ்வாலின் முறையை வைத்தே அந்தப் பகுதிகளும் சேர்ந்து ஆடுவதைக் காட்டியது. அப்புறம்தான் ஊர் திரும்பிப் பார்த்தது.

குட்டிப் பெட்டி: சோம்பேறி மூளையா?

மூளையின் எடை, உடம்பின் எடையில் சுமார் 2 சதவிகிதம். அது சாப்பிடும் சக்தியோ சுமார் 20 சதவிகிதம். கஷ்டமான வேலை ஏதாவது செய்தால் அந்தச் செலவு பல மடங்கு ஏறும் என்றுதானே நினைப்பீங்க? ரைக்கிளின் கணக்குப்படி கூடுவது பொதுவாக 5 சதவிகிதத்துக்கும் கீழேதான். அதாவது, லாஸ்ட் பெஞ்ச்சில் வெட்டியாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருக்கும்போதும் உள்ளே ஃபுல் ஷிஃப்ட் ஓடுது. இனிமே யாராவது "சும்மா உக்காந்திருக்கியே"ன்னு திட்டினா, பாயின்ட்டோட பேசலாம்!

இதனால யாருக்கு என்ன லாபம்?

கேட்பீங்கன்னு தெரியும். மூளையில் கட்டி. ஆபரேஷன் பண்ணணும். கட்டிக்குப் பக்கத்திலேயே பேச்சுக்கான பகுதி இருக்கலாம், கைக்கான பகுதி இருக்கலாம். சர்ஜன் கத்தி ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் போனால் அந்த மனுஷனின் வாழ்க்கையே மாறிவிடும். முன்கூட்டியே மேப் போட எஃப்.எம்.ஆர்.ஐ. உதவுது. 'விரலைத் தட்டுங்க, வார்த்தை சொல்லுங்க' என்றால் செய்ய முடியாத சின்னக் குழந்தைக்கும், நினைவு தப்பியவருக்கும் என்ன செய்வது? அங்கே பிஸ்வாலின் வழி கை கொடுக்குது. ஒண்ணும் செய்ய வேண்டாம், சும்மா படுத்திருந்தால் போதும்.

இன்னொரு சம்பவம் கேளுங்க, புல்லரிக்கும். 2005-ல் ஒரு விபத்தில் தலையில் அடிபட்ட 23 வயதுப் பெண். கண் திறந்திருக்கும், ஆனால் எதைக் கேட்டாலும் பதில் இல்லை. உணர்வே இல்லாத நிலை என்று டாக்டர்கள் முடிவு செய்திருந்தார்கள். இங்கிலாந்தில் ஏட்ரியன் ஓவன் குழு அவரை ஸ்கேனருக்குள் வைத்து, 'டென்னிஸ் விளையாடுவதாகக் கற்பனை செய்யுங்கள்' என்றது. அடுத்து, 'உங்கள் வீட்டு அறைகளுக்குள் நடந்து போவதாக நினையுங்கள்' என்றது. நல்லா இருக்கிறவர்கள் மூளையில் எந்தெந்தப் பகுதி இயங்குமோ, அதே பகுதிகள் அவர் மூளையிலும் இயங்கின! உள்ளே ஒருத்தர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். 2006-ல் இந்தச் சேதி வெளியானபோது மருத்துவ உலகமே அதிர்ந்தது.

செத்த மீன் சொன்ன பாடம்

இவ்வளவையும் படிச்சுட்டு, 'நாய்ஸ் எல்லாமே புதையல்தான்' என்று கிளம்பிடாதீங்க. உல்ட்டாவாகவும் நடக்கும்.

2009-ல் கிரெய்க் பென்னெட்டும் அவர் நண்பர்களும் ஒரு சாமன் மீனை ஸ்கேனருக்குள் வைத்தார்கள். அதுக்கு மனுஷங்க படங்களைக் காட்டி, 'இவர் என்ன மூடில் இருக்கிறார்?' என்று கேட்டார்கள். ரிசல்ட்டில் மீனின் மூளையில் சில புள்ளிகள் பளிச்! ஒரே ஒரு சின்னத் தகவல்... அந்த மீன் ஏற்கெனவே செத்துப்போனது!

காமெடி இல்லை பாஸ், கணக்கு. மூளைப் படத்தில் பல்லாயிரக்கணக்கான புள்ளிகள். ஆயிரத்தில் ஒன்று தற்செயலாகப் பளிச்சிடும் என்று வைத்தால்கூட, ஒரு லட்சம் புள்ளியில் நூறு புள்ளி சும்மாவே மின்னும். அதைத் திருத்துகிற கணக்கைப் போடாமல் விட்டால், செத்த மீனும் சிந்திக்கும்! இந்த ஆராய்ச்சிக்கு 2012-ல் 'இக் நோபல்' கிடைத்தது. சிரிக்க வைத்து, அப்புறம் சிந்திக்க வைக்கும் ஆராய்ச்சிகளுக்கான பரிசு அது.

பிஸ்வாலின் முறைக்கும் இதே கண்டம் வந்தது. ஸ்கேனருக்குள் தலை துளியூண்டு அசைந்தால்கூட, இல்லாத தொடர்பு இருப்பது மாதிரி காட்டிவிடும் என்று 2012-ல் ஜோனதன் பவர் குழு நிரூபித்தது. அதுக்கப்புறம் அசைவைச் சரி செய்யாமல் கட்டுரை எழுதினால் கேள்வி கேட்டுத் துளைத்துவிடுவார்கள்.

அப்போ பிஸ்வாலுக்கும் செத்த மீனுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டு இடத்திலும் எதிர்பாராத சிக்னல்தான். அவர் அதைத் தூக்கியும் போடவில்லை, கண்ணை மூடிக்கொண்டு கொண்டாடவும் இல்லை. இது இதயமா, மூச்சா, மெஷினா என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தார். எல்லாம் போனபிறகும் மிச்சம் இருந்ததை மட்டும் நம்பினார்.

டேட்டா ஃப்ரீ, சாஃப்ட்வேரும் ஃப்ரீ

இதெல்லாம் அமெரிக்காவில், கோடி ரூபாய் மெஷின் வைத்திருக்கிறவர்கள் கதை, நமக்கு எங்கே என்கிறீர்களா? இங்கேதான் கிளைமாக்ஸ்.

உலகம் முழுக்க 35 ஆராய்ச்சி மையங்கள் சேர்ந்து, சும்மா படுத்திருந்த 1,414 பேரின் ஸ்கேன்களை இலவசமாகத் திறந்துவிட்டன. 2010-ல் வெளியான அந்தக் கட்டுரையின் முதல் பெயர், பரத் பிஸ்வால்! 2016-ல் ஆண்டர்ஸ் எக்லுண்ட் குழு, எஃப்.எம்.ஆர்.ஐ. உலகமே பயன்படுத்திய மூன்று பிரபல சாஃப்ட்வேர்களின் ஒரு கணக்கு முறை நினைத்ததைவிட மிக அதிகமாகப் பொய் முடிவுகளைத் தருவதைக் கண்டுபிடித்தது. அதற்கு அவர்கள் புதிதாக ஸ்கேன் எடுக்கவில்லை. இந்த இலவசக் குவியலில் இருந்து 499 பேரின் டேட்டாவை எடுத்துத்தான் குட்டை உடைத்தார்கள்!

சிக்கிய மூன்றில் ஒன்று 'ஆஃப்னி'. அதுவும் மில்வாக்கியின் அதே மருத்துவக் கல்லூரியில் ராபர்ட் காக்ஸ் எழுத ஆரம்பித்ததுதான். அதற்காக யாரும் மூடி மறைக்கவில்லை. ஆஃப்னியில் இருந்த ஒரு பழைய பிழையைத் திருத்தினார்கள், திருத்தியதை வெளிப்படையாகச் சொல்லவும் செய்தார்கள். லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டரில் இன்றும் இலவசமாக ஏற்றிக்கொள்ளலாம்.

ஃபைனல் இயர் பிராஜெக்ட்டுக்கு டைட்டில் தேடி அலைகிற ஈ.சி.ஈ., பயோமெடிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்களே! காசு கொடுத்து ரெடிமேட் பிராஜெக்ட் வாங்குவதற்குப் பதில், நாலு பேர் டீமாக உட்காருங்கள். ஒரே ஒருவரின் ஸ்கேனை டவுன்லோடு செய்யுங்கள். இடது கைக்கான பகுதியின் அலையையும் வலது கைக்கான பகுதியின் அலையையும் ஒரே கிராஃபில் போடுங்கள். 1995-ல் பிஸ்வால் பார்த்ததை உங்க ஹாஸ்டல் ரூமில் நீங்களே பார்க்கலாம். அப்புறம் வைவாவில் எக்ஸ்டர்னல், "இது வெறும் நாய்ஸ் இல்லைன்னு எப்படிச் சொல்றே?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான் உங்க பிராஜெக்ட்!